வாதம் வேண்டும் – வம்பு வேண்டாம்!

மீனைப் பற்றிய பேச்சு, அண்ணனைப் பற்றிய பேச்சாக மாறுவது எப்படி என்று கவனித்திருக்கிறீர்களா, தோழர்களே?

உச்சிப்புளிப் பக்கம், மன்னார் வளைகுடாக் கரையிலே இருக்கிறது புதுமடம். புதுமடமானாலும் சரி, மண்டபமானாலும் சரி, பாம்பனானாலும் சரி – இந்தக் கடற்கரை ஊர் எதிலும் காணத்தக்க காட்சி ஒன்றைச் சொல்லுகிறோம். மாலை நேரம். வத்தைகள் கரையேறிவிட்டன. வலை மணலிலே காய்கிறது. தேநீர்க் கடைப் பெஞ்சியிலே நாலு பேர் கூடுகிறார்கள்.

"இந்த மாசம் பாடே இல்லை. இழுவைமடி கடலைத் துடைச்சு எடுத்துருச்சு" என்கிறார் ஒருவர்.

"அது இல்லை காக்கா, காத்து சரியில்லை" என்கிறார் மற்றவர்.

"போன வருசமும் இதே காத்துதானே அடிச்சுது? அப்ப மீன் கிடைக்கலையா?" என்கிறார் முதல்வர்.

மூன்று பேச்சு முடிந்தது. மூன்றும் மீனைப் பற்றியவை. மூன்றும் நல்ல பேச்சு. ஒருவர் ஒரு காரணம் சொன்னார். மற்றவர் வேறு காரணம் சொன்னார். முதல்வர் அதற்கு ஒரு தடை எழுப்பினார். கல்லூரியிலே பயின்றவர்கள் செய்வதும் இதுதான். இனி நான்காவது பேச்சு வருகிறது:

"உனக்கு வலிக்கத்தானே செய்யும்! ஒங்க அண்ணன் விசைப்படகுலதானே சம்பளம் வாங்குறான்!"

தீர்ந்தது! மீன் மறைந்தது, அண்ணன் வந்தான். அண்ணனைத் தொடர்ந்து அப்பன் வந்தான். அப்பனைத் தொடர்ந்து தெரு வந்தது. தெருவைத் தொடர்ந்து பத்தாண்டுக்கு முன் நடந்த திருமணத்தில் யாருக்குச் சோறு போடவில்லை என்ற பழங்கணக்கு வந்தது! கடைக்காரர் கண்ணாடிக் குவளைகளை எடுத்து உள்ளே வைக்கிறார். அனுபவசாலி!

மீன் ஏன் குறைந்தது? அந்தக் கேள்விக்கு விடை கிடைத்ததா? இல்லை. மறுநாள் காலை, இருவர் கூடையிலுள்ள நண்டுக்கும் விலை வைத்தவன் யார்? வியாபாரி. அவன் அந்தப் பெஞ்சியில் உட்காரவும் இல்லை, ஒரு வார்த்தை பேசவும் இல்லை. பேசாமலே வென்றவன் அவன் ஒருவன்தான்! நேற்று மாலை வரை, "விலை கட்டவில்லை, இரண்டு பேரும் சேர்ந்து கேட்போம்" என்று இருந்தவர்கள், இன்று காலை ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் தனித்தனியே கூடையை இறக்குகிறார்கள். தனித்தனியே இறக்கினால் தனித்தனியே விலை! வம்பு என்பது வாய்க்கு வந்த நோய் என்று எண்ணாதீர்கள். அது வயிற்றிலே அடிக்கும் நோய்.

ஆகவேதான் கேட்கிறோம்: வாதம் எங்கே முடிகிறது? வம்பு எங்கே துவங்குகிறது?

கருத்து வேறுபடுவதாலே சண்டை வருகிறது என்று பலர் சொல்லுகிறார்கள். நாம் அதை ஒப்பவில்லை. முதல் மூன்று பேச்சிலும் கருத்து வேறுபாடு இருந்தது, சண்டை இல்லை. நான்காவதிலே கேள்வி மாறிற்று. 'எது உண்மை?' என்றிருந்த கேள்வி, 'நீ யார்?' என்று ஆயிற்று. அந்த இடந்தான் வாதம் செத்த இடம். வம்பு பிறந்த இடம். எதிரே உள்ளவரின் சொல்லைப் பிடிப்பதை விட்டு ஆளைப் பிடித்தால், அவர் தம் சொல்லைக் காப்பதை விட்டுத் தம்மைக் காக்கத்தான் வேண்டும். மானமுள்ள மனிதன் வேறென்ன செய்வான்?

இது படியாதவர் கூட்டத்தின் குறை என்று மேதாவிகள் சிலர் புன்னகை புரிவர். புன்னகையைச் சற்றே நிறுத்தி வைக்கட்டும்! தமிழ் கற்ற பெரியோர்கள், நூல் பல எழுதியோர், மேடையேறினால் மணிக்கணக்கில் பொழிவோர் – இவர்கள் நடத்திய சண்டை ஒன்றைச் சொல்லுகிறோம். ஏறக்குறைய நாற்பது ஆண்டு நடந்த சண்டை! அதற்கு 'அருட்பா – மருட்பா' என்று பெயர்.

இராமலிங்க அடிகள் பாடிய பாடல்களை, அவருடைய மாணவர் தொழுவூர் வேலாயுத முதலியார் முறைப்படுத்த, 1867ஆம் ஆண்டு அவை நூலாக அச்சேறின. நூலின் பெயர் 'திருவருட்பா'. யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலருக்கு அந்தப் பெயர் உவப்பாக இல்லை. அவர் சாதாரணமானவரல்ல, ஏடுகளிலே கிடந்த நூல்கள் பலவற்றை அச்சிலே ஏற்றியவர், பள்ளிகள் கண்டவர், தமிழ் உரைநடைக்கு வழி அமைத்தவர். தேவாரம், திருவாசகம் முதலான திருமுறைகளுக்கே 'அருட்பா' என்ற பெயர் உரியது. நம் காலத்து ஒருவர் பாடல்களுக்கு அதைச் சூட்டலாகாது என்பது அவர் கொள்கை. 1869இல் 'போலியருட்பா மறுப்பு' வெளிவந்தது.

இங்கே சற்று நின்று பாருங்கள், தோழர்களே! இரு சாராரும் எந்தச் சொல்லைப் பற்றிச் சண்டையிட்டனர்? அருட்பா என்ற ஒரே சொல்லை! ஆனால் ஒரே பொருளிலா அதை வழங்கினர்? அடிகளின் அன்பர்களுக்கு, அருளிலே தோய்ந்து எழுந்த பாடல் எதுவும் அருட்பா. நாவலர் தரப்புக்கோ அது ஒரு வரிசையின் பெயர். வரம்பு கட்டி, எண்ணி, முடித்து வைத்த நூல்களின் பெயர். சொல் ஒன்று, பொருள் இரண்டு! "ஐயா, அருட்பா என்று நீங்கள் எதைச் சொல்லுகிறீர்கள்?" என்று இருவரும் எதிரெதிரே அமர்ந்து கேட்டிருந்தால், கருத்து வேறுபாடு தீர்ந்திராது, உண்மைதான். ஆனால் அது எந்த இடத்திலே இருக்கிறது என்பதாவது விளங்கியிருக்கும்.

நடந்தது என்ன? அருட்பா அல்ல, 'மருட்பா' என்றார்கள். ஓர் எழுத்து மாற்றம். அருள் போய் மருள் ஆயிற்று! கண்டனம் ஒன்று அச்சாயிற்று. அதற்குக் கண்டனம் ஒன்று அச்சாயிற்று. கண்டனத்துக்கு வந்த கண்டனத்துக்கும் கண்டனம் கிளம்பிற்று! எழுதியவர் பெயர் மறைந்து வேறொருவர் பெயர் தாங்கி வந்தவையும் அவற்றிலே உண்டு. பாட்டைப் பற்றித் துவங்கிய பேச்சு, பாடியவரின் ஒழுக்கத்தைப் பற்றிய பேச்சாயிற்று. மீன் போய் அண்ணன் வந்தானே, அதே கதைதான். தமிழ்நடை மட்டுமே உயர்ந்தது! 1869இலேயே விவகாரம் மஞ்சக்குப்பம் நீதிமன்றப் படியேறிற்று. அடிகள் விடுவிக்கப்பட்டார். வழக்கு முடிந்தது, வாய் மூடிற்றா? இல்லை. 1874இல் அடிகள் மறைந்தார். 1879இல் நாவலர் மறைந்தார். இருவரும் மறைந்த பிறகும் சண்டை மறையவில்லை! அடுத்த தலைமுறை எடுத்துக்கொண்டது. யாழ்ப்பாணம் நா. கதிரைவேற் பிள்ளை ஒரு பக்கம், மறைமலை அடிகள் மறுபக்கம் என்று இருபதாம் நூற்றாண்டின் துவக்கத்திலும் மேடைகள் அதிர்ந்தன, மறுபடியும் நீதிமன்றம்! அந்தக் கண்டன ஏடுகளை ஆய்வாளர் ப. சரவணன் நம் காலத்திலே திரட்டிப் பெருந்தொகுப்பாகத் தந்திருக்கிறார். தலையணை போன்ற அந்தத் தொகுப்பைத் தூக்கிப் பார்ப்பவருக்கே தெரியும், வம்பின் எடை எவ்வளவு என்பது!

அந்தச் சண்டைக்கு விலை கொடுத்தவர் யார் தெரியுமா? இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியிலே படித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர். கதிரைவேற் பிள்ளை அவருடைய ஆசிரியர். அருட்பா விவகாரத்திலே ஆசிரியர் மீது வழக்கு வந்தது. ஆசிரியருக்காகச் சாட்சி சொல்ல நீதிமன்றம் போனார் மாணவர். 1904இல் எழுத வேண்டிய இறுதித் தேர்வு போயிற்று. பள்ளிப்படிப்பே அத்தோடு நின்றது. பெரியவர்களின் சண்டை, பிள்ளையின் படிப்பைத் தின்றது!

யார் அந்தப் பிள்ளை? திரு.வி.கலியாணசுந்தரனார்! ஆம், 1918இல் வாடியாவோடு நின்று சென்னைத் தொழிலாளர் சங்கத்தை வளர்த்த அதே திரு.வி.க.! தொழிலாளத் தோழர்கள் நன்றியோடு நினைக்கும் அந்தப் பெரியார் பின்னாளிலே என்ன செய்தார்? தம் ஆசிரியர் எந்த அடிகளை எதிர்த்தாரோ, அதே இராமலிங்க அடிகளின் உள்ளத்தை விளக்கி 'இராமலிங்க சுவாமிகள் திருவுள்ளம்' என்று நூல் எழுதினார். ஆசிரியரிடம் கொண்ட அன்பு ஒரு பக்கம். ஆராய்ந்து கண்ட முடிவு மற்றொரு பக்கம். கருத்தை மாற்றிக்கொள்வது மானக்கேடு என்று அவர் கருதவில்லை. ஆளைப் பற்றிய பற்றையும் நூலைப் பற்றிய முடிவையும் வேறு வேறாக வைத்துக்கொள்ளும் வல்லமை அவருக்கு இருந்தது.

இன்னொருவரையும் இங்கே சொல்லியாக வேண்டும். இந்தத் தென்கடற்கரையிலே வாழும் இசுலாமியத் தோழர்கள் பெருமைப்படத்தக்க பெயர்: கோட்டாறு செய்குத்தம்பிப் பாவலர். 1907ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்திலே நூறு வகைக் கேள்விகளுக்கு ஒரே அமர்வில் விடை தந்து 'சதாவதானி' என்று புகழ் பெற்றவர். சைவர்களுக்குள்ளே மூண்ட அந்த அருட்பாச் சண்டையிலே, இசுலாமியரான பாவலர் புகுந்து, அடிகளின் பாடல் அருட்பாவே என்று சான்று காட்டிப் பேசினார். "சைவர் வீட்டு வழக்கிலே உமக்கென்ன ஐயா வேலை?" என்று கேட்டு அவர் வாயை அடைத்திருக்கலாமல்லவா? அவர் கேட்டதெல்லாம் பாட்டு என்ன சொல்லுகிறது என்பது. சொல்பவன் யார் என்பதல்ல. நாலு பேர் கூடும் இடத்திலே இன்று நம்மவர் எழுப்பும் முதல் கேள்வி எது? "இதைச் சொல்ல நீ யார்?" என்பதுதானே? செய்குத்தம்பிப் பாவலர் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுகிற ஊர்களிலே அந்தக் கேள்வி எழலாமா?

வாதத்தை வம்பாக்கும் வேறு இரண்டு காரணங்களும் அந்த நாற்பதாண்டுக் கதையிலே ஒளிந்திருக்கின்றன.

ஒன்று, பார்ப்பவர் கூட்டம். இருவர் தனியே பேசும்போது, "நீர் சொல்வதும் சரிதான்" என்று ஒருவர் சொல்லிவிடலாம், நட்டமில்லை. நாற்பது பேர் சுற்றி நின்றால்? அந்த மூன்று சொல்லும் தோல்வி ஆகிவிடுகிறது! கூட்டம் கை தட்டுகிறது, சீட்டி அடிக்கிறது, "விடாதே மச்சான்!" என்கிறது. விடாதே என்று சொல்லுகிறவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்துவிடுவான். விடாதவன்தான் உறக்கமின்றிப் புரளுவான். சேவல் சண்டையிலே காயம் சேவலுக்கு, களிப்பு வேடிக்கைக்காரனுக்கு!

மற்றொன்று, முகம் காணாமை. எதிரே உட்கார்ந்திருப்பவர் முகம் வாடினால் நம் சொல் தானே தணியும். தாளிலே எழுதும்போது தாள் வாடுவதில்லை! தாள் சிவப்பதில்லை, கண் கலங்குவதில்லை. ஆகவே எழுதுகோல் தணிவதில்லை. தூரத்திலிருந்து எறிந்த சொல் போய் விழுந்த இடத்தை எறிந்தவன் பார்ப்பதில்லை. சிரித்துக்கொண்டே எழுதியதை, படிப்பவர் சீறியதாக எண்ணிவிடுவார். அந்தச் சிரிப்பைத் தாள் சுமந்து செல்லாது. யாழ்ப்பாணத்துக்கும் வடலூருக்கும் சென்னைக்கும் இடையே பறந்த கண்டனங்கள் அனைத்தும் முகம் காணாத சொற்கள்.

"அப்படியானால் வாதமே வேண்டாம், வாயைப் பொத்திக்கொண்டு இருப்போம்" என்கிறீர்களா? அதுவும் ஆகாது! வாய் பொத்தியிருந்த காலமெல்லாம் நம்மவர் முதுகு வளைந்திருந்த காலம். கூலியைப் பற்றிக் கேட்டால் அதிகப் பிரசங்கி, சாதியைப் பற்றிக் கேட்டால் தலைக்கனம், சாத்திரத்தைப் பற்றிக் கேட்டால் நாத்திகம் என்று ஏசப்பட்டவர்களின் பிள்ளைகள் நாம். கேள்வி கேட்கும் உரிமையைக் கெஞ்சிப் பெறவில்லை, போராடிப் பெற்றிருக்கிறோம். அதை ஊமைத்தனத்துக்கு அடகு வைப்பதற்கில்லை. வாதம் வேண்டும். சூடாகவே வேண்டும். ஆனால் அடுப்பிலே இருக்கவேண்டிய சூடு கூரைக்குப் போகலாகாது!

வாதத்திலே சூடும் உறவிலே குளுமையும் ஒன்றாக இருக்க முடியுமா? முடியும் என்று காட்டியவர்கள் இந்நாட்டிலே இருந்தார்கள். 1953இல் இராசகோபாலாச்சாரியார் கொண்டுவந்த கல்வித் திட்டத்தை, குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டு ஈ.வெ.ரா. பெரியார் எவ்வளவு கடுமையாக எதிர்த்தார்! 1954இல் ஆச்சாரியார் பதவியை விட்டு விலகினார், திட்டம் வீழ்ந்தது. எதிர்ப்பிலே இம்மியும் தளர்வு இல்லை. ஆயினும் 1972 திசம்பர் 25இல் ஆச்சாரியார் மறைந்தபோது, தொண்ணூறு வயதைக் கடந்த பெரியார் தள்ளாத உடலோடு இறுதி நிகழ்ச்சிக்குச் சென்று கண் கலங்கி நின்றார். கொள்கையிலே கடுகளவும் விட்டுக்கொடாத இருவர், நட்பையும் விட்டுக்கொடுக்கவில்லை! நம் தோழர்கள் சிலர் இருக்கிறார்களே – ஒரே கொடியின் கீழ் நின்று, ஒரே முழக்கத்தை முழங்கி, சுவரொட்டியிலே யார் பெயர் மேலே யார் பெயர் கீழே என்பதற்காகப் பேச்சு வார்த்தையை நிறுத்திக்கொள்கிறவர்கள் – அவர்கள் சற்றே எண்ணிப் பார்க்கட்டும்!

வழி என்ன என்று கேட்பீர்கள். வழியை வெளிநாட்டிலே தேட வேண்டியதில்லை. நம் வீட்டுப் பரணிலேயே இருக்கிறது. எடுத்துத் தூசு தட்டினால் போதும்.

மணிமேகலையிலே, புகார் நகரத்து இந்திர விழாவை முரசறைந்து அறிவிக்கிறார்கள். தோரணம் கட்டுங்கள், மணல் பரப்புங்கள் என்று சொல்லிக்கொண்டு வரும்போது, வாதம் புரிய வல்லவர்கள் பட்டிமண்டபம் ஏறுங்கள் என்றும் அழைக்கிறார்கள். அத்தோடு நிறுத்தவில்லை. பகைவரோடு நேர்ந்தாலும் சினமும் கலகமும் கொள்ளாமல் விலகிச் செல்லுங்கள் என்றும் சொல்லுகிறார்கள். பட்டிமண்டபத்தைத் திறந்து வைத்த அதே முரசு, கலகத்துக்குக் கதவை மூடுகிறது! வாதம் ஊர்த் திருவிழாவின் அங்கம். கலகம் அதன் கேடு. முன்னோர் கண்ட தெளிவு இது.

பள்ளியிலே நன்னூல் படித்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கலாம். பவணந்தியார், பிறர் கருத்தை எதிர்கொள்ளும் வழி ஏழு என்று எண்ணி வைத்தார். பிறர் சொன்னதை ஒப்புவது ஒன்று. மறுப்பது ஒன்று. பிறர் கருத்தை முதலில் ஏற்று உடன் நடந்து, பிறகு அதைக் களைவது ஒன்று. தானே ஒரு கருத்தை நாட்டி, அதை நிலைநிறுத்துவது ஒன்று. இருவர் மாறுபட்டுச் சொன்னவற்றிலே ஒன்றைத் துணிவது ஒன்று. பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுவது ஒன்று. யாரோடும் சேராது தன் கருத்தைத் தான் கொள்வது ஒன்று. ஆக ஏழு!

ஏழிலே முதலாவது எது? ஒப்புவது! நம்மிலே பலர் ஆறாவதை மட்டும் பாடம் செய்துகொண்டார்கள், குற்றம் காட்டுவதை. அதையும் அரைகுறையாக! பவணந்தியார் நூலின் குற்றத்தைக் காட்டச் சொன்னார். நூல் செய்தவன் குற்றத்தை அல்ல. பாட்டன் குற்றம், பங்காளி குற்றம், சாதிக் குற்றம் எதுவும் அந்த ஏழிலே இல்லை. தேடிப் பார்த்தாலும் கிடைக்காது!

இதையே படிப்பகத்துக்கும், சங்கக் கூட்டத்துக்கும், தேநீர்க் கடைப் பெஞ்சிக்கும் பொருந்தும்படி சில பழக்கங்களாகச் சொல்லுகிறோம்.

முதலாவது, மறுக்குமுன் திருப்பிச் சொல்லுங்கள். "காக்கா, நீங்க சொல்றது இதுதானே?" என்று அவர் கருத்தை அவரே ஒப்பும்படி எடுத்துச் சொல்லுங்கள். "ஆமாம்பா, அதுதான்" என்ற பிறகு மறுப்பைத் துவக்குங்கள். சண்டைகள் பாதி அந்த இடத்திலேயே கரைந்துபோகும். ஏனென்றால் பலர் மறுப்பது, எதிரே உள்ளவர் சொன்னதை அல்ல. அவர் சொல்லியிருப்பார் என்று தாமே கற்பனை செய்துகொண்டதை!

இரண்டாவது, சொல்லுக்குப் பொருள் கேளுங்கள். 'துரோகம்', 'நியாயம்', 'கட்டுப்பாடு' என்று பெரிய சொற்கள் வந்து விழும்போது, "எந்தச் செயலைச் சொல்லுகிறீர்கள்?" என்று கேளுங்கள். 'அருட்பா' என்ற சொல் நாற்பது ஆண்டைத் தின்றது. 'துரோகி' என்ற சொல் நம் கிளைக் கழகங்களைத் தின்னாமல் இருக்கட்டும்.

மூன்றாவது, ஒப்பக்கூடியதை முதலில் ஒப்புங்கள். "காத்து மாறினது உண்மைதான், ஆனா அது மட்டும் காரணமில்லை" என்று துவங்குகிறவரிடம் யாரும் கை ஓங்குவதில்லை.

நான்காவது, தோழரின் பிழையைத் தனியே அழைத்துச் சொல்லுங்கள். கூட்டத்திலே சொன்னால் அவர் திருந்தமாட்டார், திருப்பி அடிப்பார். தனியே சொன்னால், இரவு படுத்த பிறகு எண்ணிப் பார்ப்பார்.

ஐந்தாவது, சினத்தோடு எழுதியதை ஓர் இரவு மடித்து வையுங்கள். காலையிலே மறுபடி படியுங்கள். அனுப்பத் தக்கதாகவே இருந்தால் அனுப்புங்கள். காலை வெளிச்சத்திலே பல வீரக் கடிதங்கள் வெட்கி நிற்பதைக் காண்பீர்கள்!

ஆறாவது, வேடிக்கை பார்க்கிறவருக்கும் ஒரு கடமை உண்டு. "விடாதே" என்று தூண்டாதீர்கள். "மீனைப் பத்திப் பேசுங்கப்பா" என்று ஒரே ஒரு குரல் எழுந்தால் போதும். அண்ணன் வந்த வழியே திரும்பிப் போவான்.

இவையெல்லாம் பேச்சுக்கு அழகு, பிழைப்புக்கு ஆகுமா என்று கேட்பவருக்கு, இந்தக் கடலையே சாட்சிக்கு அழைக்கிறோம்.

விசைப்படகுகள் இந்தப் பகுதிக்கு வந்த பிறகு, நாட்டுப்படகுத் தொழிலாளிக்கும் விசைப்படகுக்காரருக்கும் மோதல் மூண்டது. வலை அறுந்தது, கலகம் நடந்தது. "கடல் யாருடையது?" என்று கேட்டுக்கொண்டிருந்தவரை முடிவு இல்லை. அந்தக் கேள்விக்கு எந்த நீதிபதி விடை சொல்ல முடியும்? பேச்சு வார்த்தையில் அமர்ந்தபோது கேள்வி மாறிற்று. "எந்த நாளில் யார் போவது?" என்று கேட்டார்கள். அதற்கு விடை இருந்தது! வாரத்தில் 3 நாள் விசைப்படகு, 4 நாள் நாட்டுப்படகு என்ற ஏற்பாடு இராமநாதபுரம் கடற்பகுதியிலே பிறந்தது. பின்னர் 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், கரையை அடுத்த 3 கடல் மைல் பரப்பை நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கிற்று. ஏற்பாடும் சட்டமும் மீறப்பட்டதில்லை என்று சொல்லமாட்டோம். மீறப்பட்டதுண்டு, அதனால் மறுபடி பூசல் எழுந்ததும் உண்டு. ஆனால் மீறல் என்று சுட்டிக்காட்டுவதற்கே ஒரு கோடு வேண்டுமல்லவா? அந்தக் கோட்டைப் போட்டது அரிவாள் அல்ல. விடை சொல்லத்தக்க ஒரு கேள்வி!

கடலுக்கு அக்கரையிலே இருப்பவரும் தமிழ் பேசும் மீனவர்தாம். நம் இழுவைமடி தங்கள் வலையை அறுப்பதாக மன்னாரும் யாழ்ப்பாணமும் குமுறுகின்றன. சிறையும் படகுப் பறிப்பும் நம் பக்கத்தைக் குமுறச் செய்கின்றன. 2010 ஆகஸ்டிலே அக்கரை மீனவர் குழு ஒன்று தமிழகத்துக்கு வந்து, இக்கரை மீனவரோடு எதிரெதிரே அமர்ந்து பேசிற்று. சிக்கல் தீர்ந்ததா? தீரவில்லை. 2017இல் இலங்கை, இழுவைமடித் தொழிலையே சட்டத்தால் தடை செய்தது. சிக்கல் இன்னும் இறுகிற்று. ஆயினும் முகம் பார்த்துப் பேசிய அந்த நாட்களிலே, வலை அறுந்தவனின் கண்ணை வலை அறுத்தவன் கண்டான். "அவன் எதிரி" என்று மட்டுமே கேட்டுப் பழகிய காது, "எங்க புள்ளைக்கும் சோறு வேணும்" என்ற குரலையும் கேட்டது. மறுபடி பேசவேண்டிய நாள் வரும், வந்தே தீரும். அன்று ஏசிய வாயோடு போய் அமர முடியுமா? தேநீர்க் கடையிலே இன்று நாம் எறியும் ஒவ்வொரு வசைச்சொல்லும், நாளை நம் பிள்ளைகள் அமரவேண்டிய பாயிலே முள்ளாகக் கிடக்கும்.

தோழர்களே! நம்மிடம் பணமூட்டை இல்லை, படை இல்லை, பரம்பரைச் செல்வாக்கு இல்லை. இருப்பவை இரண்டு: சொல்லும் சேர்க்கையும். சொல்லை வைத்துச் சேர்க்கையை வளர்த்தால் கூலி உயரும், உரிமை நிலைக்கும், ஊர் தலை நிமிரும். சொல்லை வைத்துச் சேர்க்கையை உடைத்தால், இரண்டும் போய், வெறுங்கையோடு வியாபாரியின் தராசுக்கு முன்னே நிற்போம்.

கருத்தை அடியுங்கள், கழுத்தைப் பிடிக்காதீர்கள்! குற்றத்தைக் காட்டுங்கள், குலத்தை இழுக்காதீர்கள்! இன்று மாலை எங்கே கூடினாலும், நான்காவது பேச்சு நாவின் நுனிக்கு வரும்போது, ஒரு மிடறு தேநீரைக் குடித்துவிட்டு, மூன்றாவது பேச்சுக்கு விடை சொல்லுங்கள்!